மரக்கட்டையில் பதிந்த யானை

பதுளை மாவட்டத்து மீரியபெத்த மலைச்சரிவில் இன்று தேயிலையைக் காண்கிறோம். தேயிலைக்கு முன் கோப்பி. கோப்பிக்கு முன் பெருங்காடு. இலங்கைக் காட்டின் யானையைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய ஐரோப்பிய வாசகன் அறிந்தது பெரும்பாலும் மரக்கட்டை அச்சின் வாயிலாகவே.

அக்கலையைச் செழிக்கச் செய்தவர் இங்கிலாந்தின் தாமஸ் பீவிக். வைரம் பாய்ந்த மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் நுண்ணிய உளியால் வெண்மை வேண்டிய இடங்களை அகழ்ந்தெடுத்தார்; எஞ்சிய மேடு மையேற்று, எழுத்துகளோடு ஒரே அச்சில் பதிந்தது. 1790-இல் அவரது விலங்கு நூல் வெளிவந்தது. சிறுவயது முதல் பழகிய நாட்டு மிருகங்கள் அதில் உயிரோடு நிற்கின்றன. பிறர் படம் பார்த்துச் செதுக்கிய தூரதேசத்து மிருகங்களுக்கு அவ்வுயிர் இல்லை. பழக்கம்தான் இங்கே ஆசான்.

1845 இறுதியில் குடியேற்றநாட்டுச் செயலாளராக இலங்கைக்கு வந்த எமர்சன் டெனன்ட், 1847-இல் குருநாகல் பக்கத்தில் யானைகளை வளைத்துப் பிடிப்பதை நேரில் கண்டார். கிராமத்தவர் இரவுபகலாகத் தீ வளர்த்துக் காவல் நின்றனர். ஏறத்தாழ எழுபது வயது முதியவரான ரங்கானி கயிற்றுடன் யானையின் காலடிக்கே சென்றார். அவர் பெயரை டெனன்ட் எழுதிவைத்தது நன்றிக்குரியது. அவருடைய 1859, 1861-ஆம் ஆண்டு நூல்களில், கட்டுண்ட யானை தரையில் சாய்ந்து உடலை முறுக்கித் தவிக்கும் கோலங்கள் மரச்செதுக்குப் படங்களாக உள்ளன. அவற்றில் வேட்டைப் பெருமிதம் இல்லை. விலங்கின் துன்பமே முன்நிற்கிறது.

ஆனால் மிருகங்களிடையே வாழ்ந்தோர் அனைவரும் அவற்றை இவ்வாறு பார்த்தாரல்லர். பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400-க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்று டெனன்டே எழுதுகிறார். 1845-இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி ரொஜர்ஸ் மாண்டார். வடபகுதியின் ஒரு பாகத்தில் மட்டும் 1848-க்கு முந்திய மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 3,500 யானைகளுக்கு அரசு கொலைப்பரிசு கொடுத்தது. தலைக்குச் சில ஷில்லிங்!

அதே காலத்தில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த மக்கள், மன்னாரிலிருந்து அதே காடுகளினூடே கால்நடையாக நடந்தார்கள். வழியிலே மாண்டவர் பலர். யானையின் தவிப்பைக் கவனித்த உளி போல, அம்மக்களின் நடையை அத்துணைப் பரிவோடு செதுக்கிய உளியொன்றை நாம் கண்டதில்லை. மீரியபெத்த லயங்கள் உலகப் பத்திரிகைகளில் படமாகத் தோன்றியது, 2014 ஒக்டோபர் 29-ஆம் நாள் மலை சரிந்து அவற்றை மூடியபோது.