48 மணித்தியாலம்

மென்பொருளில் ஓட்டை இருந்தால் அதை எழுதினவருக்கு வேலை தெரியாது எண்டுதான் கனபேர் நினைக்கிறோம். ஓட்டையே இல்லாத பெரிய மென்பொருள் எங்கேயும் இல்லை. கண்டுபிடித்த ஓட்டையை எத்தனை நாளில் அடைக்கிறோம் என்பதுதான் விஷயம். 2017 இல் அமெரிக்காவில் நடந்த எக்விஃபக்ஸ் கதை இதைத்தான் சொல்கிறது.

யார் கடன் எடுத்தார், ஒழுங்காகக் கட்டினாரா என்ற விபரங்களைச் சேர்த்து வங்கிகளுக்கு விற்பது எக்விஃபக்ஸ் கம்பனியின் தொழில். தங்கள் கடன் அறிக்கையில் பிழை இருந்தால் மக்கள் முறையிட ஒரு இணையத்தளம் இருந்தது. அதன் அடித்தளம் 1970களில் உருவான பழைய முறைமை. அதிலே ஜாவா செயலிகளைக் கட்டப் பயன்படும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 7 ஆம் திகதி ஸ்ட்ரட்ஸில் ஒரு பாரதூரமான ஓட்டை இருப்பது வெளியானது. சேவருக்கு அனுப்பும் கோரிக்கையின் தலைப்பில் கட்டளையை ஒளித்துவைத்தால், சேவர் அதை அப்படியே இயக்கிவிடும். கடவுச்சொல்லே தேவையில்லை. ஆனால் அதே நாளில் திருத்தமும் வந்துவிட்டது.

மார்ச் 9 இல் கம்பனிக்குள்ளே 400 இற்கும் மேற்பட்டோருக்கு மின்னஞ்சல் போனது: 48 மணித்தியாலத்துக்குள் திருத்தத்தைப் போடுங்கள். அந்த முகவரிப் பட்டியலோ பழையது. போய்ச்சேர வேண்டியவர்களுக்கு அது போய்ச்சேரவில்லை. ஒரு கிழமைக்குள் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஸ்ட்ரட்ஸ் எங்கெங்கே இருக்கிறது என்ற முழுப் பட்டியல் ஒருவரிடமும் இல்லை. அது போன் அப்டேற் மாதிரி ஒரு பட்டனை அமத்திற வேலையும் இல்லை. ஒவ்வொரு செயலிக்குள்ளும் இருக்கும் பழைய பிரதியை மாற்றி, திரும்பக் கட்டி, சோதித்துப் பார்க்கவேண்டும்.

மே 13 இல் உள்ளே வந்தவர்கள் 76 நாட்கள் இருந்தார்கள். அங்கே ஒரு கோப்பில் பயனர்பெயர்களும் கடவுச்சொற்களும் பூட்டில்லாமல் கிடந்தன. அவற்றைக்கொண்டு வேறு 48 தரவுத்தளங்களுக்குள்ளும் போனார்கள். போக்குவரத்தைக் கண்காணிக்கும் கருவியின் சான்றிதழ் காலாவதியாகியிருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஜூலை 29 இல் அதைப் புதுப்பித்த அன்றே சந்தேகமான போக்குவரத்து கண்ணில் பட்டது. கிட்டத்தட்ட 147 மில்லியன் பேரின் விபரங்கள் போய்விட்டன.

ஒக்டோபரில் அமெரிக்கக் கொங்கிரஸ் முன் வந்த முன்னாள் தலைமை நிர்வாகி ரிச்சர்ட் ஸ்மித், தகவலைச் சொல்லவேண்டிய ஒருவர் சொல்லவில்லை என்று விளக்கினார். ஆனால் 2018 டிசம்பரில் வந்த பிரதிநிதிகள் சபைக் குழுவின் அறிக்கை, இது முழுமையாகத் தடுத்திருக்கக்கூடியது என்றது. ஒரு ஆள் மறந்ததால் முழுக் கம்பனியும் விழுமெண்டால், பிழை அந்த ஆளிலா, அப்படிக் கட்டின அமைப்பிலா?

அந்த 147 மில்லியன் பேரில் பெரும்பாலானோர் எக்விஃபக்ஸிடம் போய்த் தங்கள் விபரங்களைக் கொடுத்தவர்களே இல்லை. வங்கிகள் கொடுத்தன, கம்பனி சேர்த்தது. எங்களில் கனபேர் மென்பொருள் வேலைக்குத்தான் போகப்போகிறோம். திருத்தத்தைப் போட்டாச்சா, எங்கெங்கே போட்டாச்சு எண்டு கேட்பது சலிப்பான வேலைதான். ஆனாலும் எங்களை அறியாத, நாங்களும் அறியாத ஆட்களுக்காக அதைக் கேட்கத்தான் வேணும்.