பெர்னாண்டோ எந்த ஊர்ப் பேர்?

கொட்டாஞ்சேனையில ஒருத்தர் பெர்னாண்டோ எண்டால், அவர் தமிழரா சிங்களவரா எண்டு பேரை வைத்துச் சொல்ல ஏலாது. வெள்ளவத்தையில நாங்கள் பலர் அப்பாவின் பேரையே முதலெழுத்தாகவோ பின்பேராகவோ எழுதுகிறோம். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். பெர்னாண்டோ மாறுவதில்லை.

பேரின் வேர் பழைய ஜெர்மானிய மொழி. 'பயணம்', 'துணிவு' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது என்பது பொதுவான விளக்கம். விசிகோத்தியரோடு ஐபீரியாவுக்குப் போய், அங்கிருந்து போர்த்துக்கேயரோடு கப்பலேறியது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஞானஸ்நானம் பெற்றபோது போர்த்துக்கேயப் பேர்களும் சேர்ந்து வந்தன. இலங்கையின் மேற்குக் கரையிலும் அதே கதைதான். ஞானத்தகப்பனின் பேரை எடுப்பதும் வழக்கம். போர்த்துக்கலில் பெரும்பாலும் ஆளுக்கு வைக்கும் பேர், இங்கே குடும்பப் பேரானது. அதனால்தான் ஒரே பேரில் இத்தனை குடும்பங்கள். இரத்த உறவு இருக்கவேண்டும் எண்டில்லை.

1983 யூலையில் ஆளைப் பிரித்தறிய 'பால்திய' எண்டு சொல்லச் சொன்னார்கள். வாளியைக் குறிக்கும் அந்தச் சிங்களச் சொல்லும் போர்த்துக்கேயத்தில் இருந்து வந்ததுதான். பேரும் கப்பலில் வந்தது, சோதித்த சொல்லும் கப்பலில் வந்தது. செத்தது எங்கட சனம்.