கரை மின்சாரமும் கொதிக்கும் பேட்டரியும்

அமெரிக்காவில் மோட்டார்ஹோம் வச்சிருக்கிறவங்க 'ஷோர் பவர்'னு ஒண்ணு சொல்லுவாங்க. கரை மின்சாரம். வின்னபேகோ கம்பெனி 1966-ல் மோட்டார்ஹோம் கட்ட ஆரம்பிச்சது அயோவா மாநிலத்தில். சுத்திலும் சோளக்காடு, கடல் வாடையே கிடையாது. அங்கே ஏது கரை?

வார்த்தை கப்பலில் இருந்து வந்தது. துறைமுகத்தில் கட்டின கப்பல் கொதிகலனை அணைச்சிட்டு, கரையிலிருந்து கேபிள் வாங்கி விளக்கெரிக்கும். நெருப்பு அணைஞ்சு இரும்பு குளிர்ந்து போறதால அதுக்கு 'கோல்ட் அயர்னிங்'னே ஒரு பேர். முகாமில் கம்பத்துப் பெட்டியில் ப்ளக்கைச் சொருகுற வண்டிக்காரர்களும் அந்தக் கடல் பாஷையை அப்படியே எடுத்துக்கிட்டாங்க.

கப்பல்காரர்களிடமிருந்து இன்னொரு பாடத்தையும் எடுத்திருக்கலாம். கரையில் நிக்கிற பேட்டரி சும்மா இருக்குன்னு நினைக்கக்கூடாது என்கிற பாடம். 1916 ஜனவரி 15, புரூக்ளின் கடற்படைத் தளம். 'இ-2' என்ற நீர்மூழ்கிக் கப்பல் அங்கே நின்னுக்கிட்டிருக்கு. உள்ளே எடிசன் செய்த புது பேட்டரி. ஈய பேட்டரியில் கடல்தண்ணி பட்டால் குளோரின் வாயு வரும், இதில் அந்த ஆபத்து இல்லைன்னுதான் அதை வச்சாங்க. ஆனா ஹைட்ரஜன் வந்தது. காத்தோட்டம் இல்லாத இடத்தில் அது சேர்ந்து வெடிச்சு, ஆட்கள் செத்தார்கள்.

வேடிக்கை பாருங்க, அதே எடிசன்தான் ஃபோர்டு, ஃபயர்ஸ்டோனோட சேர்ந்துகிட்டு வருஷா வருஷம் காரில் காடு மேடு சுத்தி, முகாமுக்கு மின்விளக்கும் போட்டவர். 1921-ல் ஜனாதிபதி ஹார்டிங்கே அந்தக் கூடாரத்தில் வந்து தங்கினார். பேட்டரியோட ஊர் சுத்துற பழக்கத்துக்கு இதைவிடப் பெரிய இடத்து ஆரம்பம் வேணுமா? :-)

சரி, மோட்டார்ஹோமுக்கு வருவோம். ஆரம்பகால வண்டிகளில் 'கன்வெர்ட்டர்'னு ஒரு பெட்டி இருக்கும். கரையில் வர்ற 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கி விளக்கு, பம்ப் எல்லாம் ஓட்டுறதுதான் அதோட வேலை. பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது போற போக்கில் செய்யுற உபகாரம். பேட்டரி நிறைஞ்சதா இல்லையான்னு பார்க்கிற புத்தி அதுக்குக் கிடையாது. ஈய பேட்டரியில் செல்லுக்கு 2.4 வோல்ட் கிட்ட வந்தாலே, அதாவது மொத்தம் 14.4-ல், தண்ணி பிரிஞ்சு வாயுவாப் போக ஆரம்பிச்சிடும். நிறைஞ்ச பிறகு 13.5 பக்கம் இறக்கிப் பிடிக்கணும். இறக்காத பெட்டியோட மாசக்கணக்கில் சொருகியே நின்ன வண்டிகளில், தண்ணி வத்தி தகடு வெளியே தெரிஞ்சது. ஓடித் தேய்ந்த பேட்டரியைவிட நின்னே செத்த பேட்டரிதான் அதிகமா இருக்கும்னு எனக்குத் தோணும். மூணு கட்டமா ஏத்தி, கடைசியில் தானே அடங்குற சார்ஜர் பரவலானது ரொம்பப் பின்னாடி.

இன்வெர்ட்டர் கதை தனி. அந்தப் பேரை 1925-லேயே ஜெனரல் எலக்ட்ரிக்கின் டேவிட் பிரின்ஸ் ஒரு கட்டுரைக்குத் தலைப்பா வச்சிட்டார். வண்டிக்குள் அடங்குற அளவுக்கு அது சுருங்க, குறைகடத்திகள் மலிவாகணுமே! வந்த புதுசில் ஒரு கூத்து. இன்வெர்ட்டரைத் தனியா வாங்கி மாட்டுவாங்க, பழைய கன்வெர்ட்டரும் அதே லைனில் இருக்கும். பேட்டரி இன்வெர்ட்டரை ஓட்டும், இன்வெர்ட்டர் கன்வெர்ட்டரை ஓட்டும், கன்வெர்ட்டர் பேட்டரிக்கே திருப்பி சார்ஜ் ஏத்தும். செக்குமாடு சுத்தின மாதிரிதான், எண்ணெய் மட்டும் வராது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சூடாகிப் போய், விடியும்போது பேட்டரி காலி.

இதுக்கு மருந்தா வந்ததுதான் ரெண்டையும் ஒரே பெட்டியில் அடைச்ச இன்வெர்ட்டர்-சார்ஜர். வாஷிங்டன் மாநிலத்தில் ட்ரேஸ், ஹாலந்தில் 1975-ல் ஆரம்பிச்ச விக்ட்ரான் மாதிரி கம்பெனிகள் இதில் பேர் வாங்கினாங்க. கரை மின்சாரம் இருந்தா அதை நேரே உள்ளே விட்டு பேட்டரியையும் ஏத்தும், போனா கண் சிமிட்டுற நேரத்தில் பேட்டரிக்கு மாறிடும். நம்ம ஊர் மின்வெட்டுக்கு வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கே, அதேதான்.

ஆனா அந்த சாமர்த்தியமே ஒரு பொறி. 30 ஆம்பியர் கரை இணைப்பில் கிடைக்கிறது 3600 வாட். ஏ.சி., மைக்ரோவேவ், வெறும் பேட்டரிக்கு 100 ஆம்பியர் ஏத்துற சார்ஜர், மூணும் சேர்ந்தா கம்பத்துப் பெட்டியில் பிரேக்கர் விழும். உள்ளே விளக்குகூட மினுக்காது. சொருகியிருக்கோம்னு நிம்மதியா தூங்குவோம், பேட்டரி இறங்கிக்கிட்டே இருக்கும். மூச்சுக்கருவி மாட்டிக்கிட்டுத் தூங்குறவங்க இருந்தா யோசிச்சுப் பாருங்க. அதனால வண்டியைச் சொருகினதும் நான் முதலில் பார்க்கிறது பேனலில் கரை ஆம்பியர் வரம்பை. ஐரோப்பாவில் சில முகாம்களில் 6 ஆம்பியர்தான் தருவான், அதுக்கேத்த மாதிரி இறக்கணும். கரையில் நிக்கும்போது இன்வெர்ட்டர் பக்கத்தை அணைச்சு வைக்கிறது என் கட்சி. கரண்ட் போனா போனதுன்னு உடனே தெரிஞ்சிடும். மூச்சுக்கருவி இருக்கிற வண்டியில் மட்டும் அணைக்காம, கரண்ட் போனா கூவுற ஒரு சின்ன அலாரத்தைக் கரை லைனில் மாட்டச் சொல்வேன்.

இப்போ லித்தியம் வந்திருக்கு. தண்ணி ஊத்துற வேலை இல்லை. ஆனா அதுக்கு எப்பவும் நிறைஞ்சே இருக்கப் பிடிக்காது, ரொம்ப நாள் சொருகி நின்னா பாதியில் வைக்கிறதுதான் நல்லது. ஈய பேட்டரிக்குப் பாதியில் நிக்கிறதுதான் சாவு, கந்தகப் படிவு ஏறிடும். பேட்டரியை மாத்திட்டு சார்ஜர் அமைப்பைத் தொடாத வண்டிகளை நான் நிறைய பார்க்கிறேன். எந்த பேட்டரின்னு அந்தப் பெட்டிக்கு இன்னும் நாமதான் சொல்லணும்.