நீராட்டும் புலர்த்தலும்: குடுமியான்மலையை முன்வைத்து

புதுக்கோட்டைக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசலை அடுத்து அமைந்துள்ள குடுமியான்மலையை இசை வரலாற்றாளர்கள் மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் பல்லவர் காலக் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்ட இசைக் கல்வெட்டுக்காகவும், சிற்ப ஆர்வலர்கள் முன்மண்டபத்துத் தூண்களுக்காகவும் அறிவர். பழைய கல்வெட்டுகளில் திருநலக்குன்றம் எனக் குறிக்கப்பெறும் இவ்வூருக்கு இன்றைய பெயர் நிலைபெறக் காரணமாக மக்கள் சொல்லும் செய்தியோ ஒரு தலைமுடியைப் பற்றியது. இறைவனுக்குச் சாத்த வேண்டிய பூவைத் தன் காதலிக்குக் கொடுத்துவிட்ட அர்ச்சகர், எதிர்பாராமல் மன்னர் வந்து நிற்க, அவள் கூந்தலிலிருந்த பூவையே எடுத்துச் சாத்திப் பிரசாதமாகக் கொடுத்தார் என்றும், அதில் முடி இருந்ததைக் கண்டு மன்னர் வினவியபோது இறைவனுக்குக் குடுமி உண்டு என்று சொல்லிவிட்டார் என்றும், அவரைக் காக்க இலிங்கத்தில் குடுமி தோன்றியது என்றும் தலபுராணம் கூறுகிறது. சிகாநாதர் என்ற வடமொழிப் பெயரும் இதையொட்டியதே. கருவறை இலிங்கத்தின் உச்சியில் குடுமி போன்ற ஒரு புடைப்பு இன்றும் அடியவர்களுக்குக் காட்டப்படுகிறது. இதே கதை சிறு மாற்றங்களுடன் திருக்கண்ணபுரத்துச் சௌரிராசப் பெருமாளுக்கும் வழங்குவதாலும், சேக்கிழார் தம் 12-ஆம் நூற்றாண்டுக் காப்பியத்தில் கண்ணப்பர் வழிபட்ட காளத்தி இறைவனைக் குடுமித் தேவர் என்று குறிப்பதாலும், முடியுடைய தெய்வம் என்ற எண்ணம் தமிழ்ச் சமய மரபுக்குப் புதியதன்று எனக் கொள்ளலாம்.

தெய்வத்துக்கு முடி உண்டு எனக் கொண்டால், அந்த முடியை நீராட்ட வேண்டும். நீராட்டிய பின் உலர்த்தவும் வேண்டும். நீராடலின் வரலாறு பெரும்பாலும் குளம், கிணறு, ஆறு, படித்துறை ஆகிய நீரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. நீண்ட முடியைப் பொறுத்தவரை நீரூற்றுவது வேலையில் சிறு பகுதியே. பெரும் பகுதி அதற்குப் பின் வருவது. தமிழர் அப்பிற்பகுதிக்கெனத் தனித் துணியையும் தனிப் புகையையும் தனிக் கருவியையும் வைத்திருந்தனர் என்பது போதிய கவனம் பெறாத செய்தி.

சிவாலயங்களில் திருமஞ்சனம் எனப்படும் நீராட்டு நடைபெறும் வரிசையை நோக்கினால், அது வீட்டு எண்ணெய்க் குளியலின் வரிசையே என்பது விளங்கும். முதலில் நல்லெண்ணெய்க் காப்பு. அடுத்து எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க அரிசி மாப்பொடி. பின் நெல்லிமுள்ளி எனப்படும் உலர்ந்த நெல்லிக்காயின் பொடியும் மஞ்சள் பொடியும். அதற்குப் பிறகே பால், தயிர், இளநீர் முதலியன. தஞ்சைப் பெரிய கோயிலில் இறைவன் நீராடும் நீரில் இடுவதற்கென ஏலவரிசி, செண்பக மொட்டு, இலாமிச்சை வேர் ஆகியவற்றை வாங்க முதல் வைத்து, அதன் வட்டியிலிருந்து செலவிட ஏற்பாடு செய்யப்பட்டதை அங்குள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. நீராட்டு முடிந்ததும் திருமேனியில் சாத்தப்படுவது திருவொற்றாடை, அதாவது ஈரத்தை ஒற்றி எடுப்பதற்கென்றே தனியாக வைக்கப்படும் துணி. அர்ச்சகர் அதைத் திருமேனியின் மேல் தேய்ப்பதில்லை. மடித்து வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, நனைந்த மடிப்பை மாற்றி மீண்டும் அழுத்தி எடுக்கிறார். அதன் பின்னரே புத்தாடையும் தூபமும். ஒரு துணிக்குத் தனிப்பெயர் இட்டு, அதை வழிபாட்டின் ஓர் உறுப்பாகவே கொண்ட மரபு, உலர்த்துவதை நீராட்டுக்குப் பிந்தைய சில்லறை வேலையாகக் கருதவில்லை. 1730-இல் விசய ரகுநாத ராயத் தொண்டைமான் புதுக்கோட்டை மன்னராகப் பட்டாபிஷேகம் செய்துகொண்டதும் குடுமியான்மலைக் கோயிலில்தான்; தலையில் நீர் சொரிவதால் ஒருவரை அரசராக்கும் அச்சடங்கும் இந்த நீராட்டு மரபின் கிளையே.

இலக்கியத்தில் இதற்கான மிக விரிவான சான்று சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் உள்ளது. கோவலனின் ஊடலைத் தீர்க்க ஒப்பனை செய்துகொள்ளும் மாதவி, பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் நெய் பூசிய கூந்தலை நீராட்டுகிறாள். துவர் என்பது துவர்ப்புச் சுவையுடைய, எண்ணெயை அகற்றவும் தோலை இறுக்கவும் வல்ல பொருள். உரையாசிரியர் தரும் பட்டியலில் பூவந்தியும், கடுக்காய், நெல்லி, தான்றி என்ற திரிபலையும், ஆல், அரசு, அத்தி, இத்தி என்னும் நால்வகைப் பால் மரங்களும், கருங்காலியும் நாவலும் அடங்குகின்றன. விரையும் ஓமாலிகையும் நறுமணப் பொருள்கள். நீராட்டிய கூந்தலை அவள் காற்றில் விட்டுவிடவில்லை; புகையில் புலர்த்துகிறாள், பிறகே கத்தூரிக் குழம்பை வகுத்த முடிதோறும் பூசுகிறாள். புகையில் புலர்த்துதல் இங்கு அலங்காரம் மட்டுமன்று. தணலிலிருந்து எழும் வெப்பம் முடியின் அடிவரை சென்று ஈரத்தை ஏற்றிச் செல்ல, புகையின் பிசின் மணம் முடியில் படிகிறது. வெப்பம், மணம் என்ற இரண்டையும் ஒரே செயலில் பெற்ற நுட்பம் அது.

அந்த நுட்பம் அகில் கட்டையின் புகையிலிருந்து சாம்பிராணிப் புகைக்கு மாறிய வடிவில் அண்மைக் காலம் வரை தமிழ் வீடுகளில் வழங்கியது. சாம்பிராணி சுமத்திரா முதலிய தென்கிழக்காசியப் பகுதிகளின் மரப்பிசின். குடுமியான்மலைக்கு அணித்தே உள்ள கொடும்பாளூர் மணிக்கிராம வணிகர்களின் இருப்பிடமாக விளங்கியது என்பதையும், கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பெயர்பெற்ற சுமத்திராவின் பாரூஸ் துறையில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் 1088-இல் தமிழிலேயே ஒரு கல்வெட்டை வெட்டி வைத்தனர் என்பதையும் சேர்த்து எண்ணினால், ஒரு தாயின் தூபக்கால் வரை நீளும் கடல்வழி ஒன்று புலப்படுகிறது.

வீட்டு நடைமுறை இவ்வாறு அமைந்தது. பெண்டிருக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆடவருக்குப் புதனும் சனியும் தலைக்கு எண்ணெய் வைக்கும் நாள்கள். சீரகமும் மிளகும் இட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைத் தேய்த்து ஊறவிட்டு, சீயக்காயாலோ அரப்பாலோ தேய்த்துக் குளிப்பர். அரப்பு என்பது உசிலை மரத்தின் இலையை நிழலில் உலர்த்தி இடித்த பொடி. வறண்ட நிலத்துக்குரிய மரமாகிய உசிலை புதுக்கோட்டைச் சீமையின் காடுகளில் மிகுதி என்பதால், விலை கொடுத்து வாங்கும் சீயக்காயைவிட அரப்பே எளியவர்க்கு உதவியது. இவற்றிலுள்ள நுரைப்பொருள் எண்ணெயை முழுவதும் பறிக்காமல் மிகையானதை மட்டும் எடுத்துச் செல்லும். குளித்து வந்த பின் ஈரிழைத் துண்டால் முடியைச் சுற்றி முறுக்கி வைத்து, நீர் இறங்கியதும் அவிழ்த்து, தணல் இட்ட தூபக்காலில் சாம்பிராணியைத் தூவி அதன் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடையின் மேல் முடியை விரித்துப் போடுவர். கூடையின் இடுக்குகள் வழியே புகை மெல்லப் பரவும். முடி தணலைத் தொடாது. உலர உலர விரலால் கோதிச் சிக்கெடுத்து, முற்றிலும் உலர்ந்த பிறகே சிணுக்கோலி என்ற கூர்நுனியுடைய கருவியால் வகிடெடுப்பர். ஈரத்தோடு பின்னினால் நாற்றமும் பேனும் சளியும் வரும் என்ற அச்சம் வலுவாக இருந்தது. கைக்குழந்தையைக் குளிப்பாட்டியவுடன் கூடையருகே காட்டுவதும் இதே அச்சத்தின் பயனே.

கிராப்பு பரவி ஆடவர் குடுமி மறைந்தது இம்மரபின் பாதியை எடுத்துச் சென்றது. மறுபாதியை ஷாம்பு எடுத்துச் சென்றது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் நீர்மப் பொருள்களைச் சிறு பொட்டலங்களில் அடைத்து விற்கும் முறையை வகுக்க, அவர் குடும்பத்தார் அதனை ஷாம்புவுக்குப் பயன்படுத்தினர். 1983-இல் அக்குடும்பத்திலிருந்தே சிக் ஷாம்பு வந்தது. சிற்றூர்ப் பெட்டிக்கடையிலும் கிடைத்த அந்தப் பொட்டலம் அரப்பு இடிக்கும் உலக்கைக்கு ஓய்வு கொடுத்தது.

மனிதரையும் தெய்வத்தையும் இவ்வளவு நுணுக்கமாக உலர்த்திய இச்சமூகம் விலங்குகளுக்கு அத்தகைய முறை எதையும் வகுக்கவில்லை. அதற்குத் தேவையும் எழவில்லை. அன்னவாசல் வட்டாரத்துச் சல்லிக்கட்டுக் காளைகள் கண்மாயில் நீந்திக் கரையேறி வெயிலில் நடந்தாலே உலர்ந்துவிடுகின்றன. வேம்பூர், மேச்சேரி ஆடுகள் கம்பளி அற்றவை. நாட்டுப் பூனை குறுமயிர் உடையது, தன்னைத் தானே நக்கித் தூய்மை செய்துகொள்வது. நீண்ட மயிருடைய பூனை இந்தியாவுக்கு வடமேற்கிலிருந்து வந்த சரக்கு. 1815-இல் வெளியான காபூல் நாட்டு வரலாற்றில் மவுண்ட்ஸ்டூவர்ட் எல்ஃபின்ஸ்டன், பாரசீகப் பூனை என எங்கும் அழைக்கப்படும் இவ்வினம் பாரசீகத்திலிருந்தன்றிக் காபூல் நாட்டிலிருந்தே பெருந்தொகையில் ஏற்றுமதியாகிறது என்று எழுதினார். அதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் இர்வின் என்ற படை அலுவலரின் குறிப்பு, காபூல் மக்கள் இப்பூனையைச் சவர்க்காரத்தால் கழுவிச் சீவி அதன் மயிரை நீளச் செய்கின்றனர் என்று தெரிவித்தது. நீண்ட மயிர்ப் பூனையை நீராட்டுவது பற்றி இப்பகுதியிலிருந்து கிடைக்கும் பழைய எழுத்துச் சான்றுகளுள் இது ஒன்று. காபூல் மக்கள் செய்த அவ்வேலை, இன்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் பாரசீகப் பூனை வளர்க்கும் வீடுகளின் வாராந்திரக் கவலையாகியுள்ளது.

கவலைக்குக் காரணம் பூனையின் நாவிலேயே உள்ளது. பூனை நாக்கின் முட்கள் நுனியில் அகப்பை போலக் குழிந்து, எச்சிலை மயிரின் அடிவரை கொண்டு சேர்ப்பதை 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு விளக்கியது. பாரசீகப் பூனையின் மயிர் அந்த முட்களின் எட்டலைக் கடந்து நீண்டது என்பதையும் அதே ஆய்வு சுட்டியது. ஆகவே அப்பூனைக்குச் சீப்பும் நீரும் மனிதக் கையால் வந்தாக வேண்டும். இங்கே பழைய மரபு ஓரளவே உதவும். எண்ணெய் வைத்தால் பூனை அதை நக்கி விழுங்கும். சாம்பிராணிப் புகை முற்றிலும் ஆகாது. மணப் பிசின்களிலுள்ள பல பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. மனிதருக்கான ஷாம்பு அதன் தோலுக்கு ஒவ்வாதது.

மரபிலிருந்து பொருந்தி வருவது ஒற்றாடையின் முறை. பாரசீகப் பூனைக்கு வெளிமயிருக்கு அடியில் பஞ்சு போன்ற உள்மயிர் அடர்ந்திருப்பதால், மேலே காய்ந்தது போலத் தோன்றும்போதும் அடியில் ஈரம் தங்கியிருக்கும். நனைந்த மயிரைத் துண்டால் தேய்த்தால் உள்மயிர் திரண்டு சடையாகும். அச்சடை உலர்ந்தபின் தோலை இழுத்து வலிக்கச் செய்யும், கத்தரித்தே நீக்க வேண்டி வரும். எனவே குளிப்பாட்டும் முன்பே சிக்கெடுத்து, வெதுவெதுப்பான நீரில் பூனைக்கான சோப்பு நீர் முழுதும் போக அலசி, பருத்தித் துண்டை மாற்றி மாற்றி அழுத்தி ஒற்றி, கக்கம், வயிறு, தொடையின் உட்புறம், காதின் பின்புறம் ஆகிய இடங்களை விரலால் பிரித்துப் பார்த்து உலர்த்துவதே முறை. உலர்த்தும் கருவியின் ஒலிக்கு அஞ்சும் பூனைகளுக்குப் புதுக்கோட்டையின் முற்பகல் வெயில் சன்னல் வழியே விழும் அறையே போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாள்களில் குளிப்பாட்டுவதைத் தள்ளிவைத்து, சீப்பை மட்டும் நாள்தோறும் பயன்படுத்துவது நன்று.