அடிபம்புக்கு வந்த புகார்கள்

அடிபம்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல இரண்டு கூட்டம் உண்டு. தண்ணீர் அடிக்கிறவர்கள் ஒன்று. அதைக் கழற்றி மாட்டுகிற எங்களைப் போன்ற ஃபிட்டர்கள் இன்னொன்று. இரண்டு கூட்டமும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் கோவைப் பக்கம் ஒன்றிய வேலையில் சேர்ந்தேன். அன்று முதல் ஓய்வு பெறும் வரை இரண்டு தரப்பின் ஏச்சும் என் காதில் விழுந்தபடியேதான் இருந்தது.

நான் சேர்ந்தபோது பழைய வார்ப்பிரும்பு பம்புகள் சில ஊர்களில் மிச்சம் இருந்தன. சீமையில் ஒரு வீட்டுக்காரன் தன் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளும் பம்பின் நகல் அவை. நாளைக்கு நாலைந்து வாளி எடுக்கிற வீட்டுக்கு அது போதும். இங்கே ஒரு பம்பை நம்பி ஒரு தெருவே நிற்கும். விடிகாலை மூன்று மணிக்குக் குடம் வரிசை போட்டால் இரவு வரை கைப்பிடி ஓயாது. ஆணி தேயும், கைப்பிடி ஆடும், ஒரு நாள் வார்ப்பிரும்பு கீறிவிடும். கீறினால் எடைக்குத்தான் போடவேண்டும், பற்றவைத்தாலும் நிற்காது. அடியில் போல்ட் போட்டு மேடைமேல் சும்மா உட்கார வைத்திருப்பார்கள் என்பதால், சிந்திய தண்ணீர் சேறோடு மறுபடி குழிக்குள்ளேயே இறங்கும். பையன்கள் திறந்த வாயில் கல்லைப் போட்டு, அது விழும் சத்தத்தைக் கேட்டு ரசிப்பார்கள். பெண்கள் அந்தப் பம்புக்கு வைத்திருந்த பெயர்களை அச்சில் எழுத முடியாது.

1967 பீகார் பஞ்சத்துக்குப் பிறகு யுனிசெஃப் பாறையைத் துளைக்கும் ரிக் வண்டிகளைக் கொண்டுவந்தது. கடினப் பாறைக்கு அடியில் தண்ணீர் கிடைத்தது. போர் போட்டார்கள், மேலே இந்த வார்ப்பிரும்பு பம்பையே மாட்டினார்கள். எழுபதுகளின் நடுவில் கணக்குப் பார்த்தபோது பெரும்பாலான பம்புகள் ஓடவில்லை. மாற்று வழி ஏற்கெனவே கண்ணெதிரே இருந்தது. மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் மிஷன் பட்டறைகளில், இரும்புத் தகட்டை வெட்டிப் பற்றவைத்து உறுதியான பம்பு செய்து வைத்திருந்தார்கள். அதை அடிப்படையாக வைத்து யுனிசெஃப்பும், சென்னையிலிருந்த இயந்திரவியல் ஆராய்ச்சி நிறுவனமான மெராடோவும், சென்னை ரிச்சர்ட்சன் அண்டு க்ரட்டாஸ் கம்பெனியும் சேர்ந்து உருவாக்கியதுதான் இந்தியா மார்க் 2. சோதனைக்கு எங்கள் கோவை மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நீர்மட்டம் ஆழம், அடிக்கிற கைகள் அதிகம். பம்பைக் கொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. 1979ல் இந்தியத் தர நிர்ணயம் வந்தது. யாரும் காப்புரிமை கேட்கவில்லை, பட்டறை வைத்திருந்தவன் யாரும் செய்யலாம். அதனால் விலை குறைந்தது. கூடவே மட்டமான சரக்கும் வந்து சேர்ந்தது என்பது வேறு கதை.

பெண்களிடமிருந்து வந்த முதல் புகார் கைப்பிடியைப் பற்றி. "ஏனுங்க, உள்ளே ஓட்டை விட்ட பைப்பா வெச்சிருந்தா என்னங்க? இந்த இரும்பை எவ தூக்கறது?" மார்க் 2 கைப்பிடி 32 மில்லிமீட்டர் சதுரக் கம்பி, உள்ளும் புறமும் ஒரே இரும்பு. வரைபடம் போட்டவன் பாரத்தை வேண்டுமென்றேதான் வைத்தான். நூறடிக்கு மேல் ஆழத்தில் தொங்கும் ராடையும், அதன்மேல் நிற்கும் தண்ணீரையும் இந்தப் பக்கத்தில் தூக்கிப்பிடிக்க எதிர்ப்பாரம் வேண்டும். கைப்பிடியை லேசாக்கினால் கைதான் பாரத்தைச் சுமக்கும். இதைச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆழமான போரில் பாதியில் கையை விட்டால் கைப்பிடி மேலே பாய்ந்து தாடையைப் பதம் பார்க்கும். தாடையில் அடி வாங்கியவளிடம் எதிர்ப்பாரத்தின் அருமையை எப்படிச் சொல்வது?

என்னைக் கேட்டால், அந்தப் பம்பில் ஆக அழகான இடம் மூடிக்குள் ஒளிந்திருக்கும் சங்கிலிதான். பழைய பம்பில் ராடு கைப்பிடியோடு ஆணியால் பூட்டியிருக்கும், கைப்பிடி வளையும் பக்கமெல்லாம் ராடும் இழுபடும். மார்க் 2வில் கைப்பிடியின் தலை கால்வட்டமாக இருக்கும், அதன்மேல் சங்கிலி படிந்து இறங்கும். ஆகவே ராடு எப்போதும் நேர்கோட்டில்தான் ஏறி இறங்கும், பக்கவாட்டுத் தேய்மானம் கிடையாது. ஆனால் சங்கிலிக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ராடு தன் எடையால் தானே இறங்கவேண்டும். ஆழம் குறைந்த போரில் எடை போதாமல் சங்கிலி தொய்ந்து 'டங் டங்' என்று அடிக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே எந்தத் தெருவில் யார் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். நீளமாக இழுத்து அடிக்கிறவள் பெரியவள், குட்டிக் குட்டியாகத் துள்ளுவது பள்ளிக்கூடப் பிள்ளை.

இனி எங்கள் தரப்புப் புகார். அடியில் உருளைக்குள் ஏறி இறங்குவது தோல் வாஷர். சில ரூபாய்தான். அது தேய்ந்தால், மூன்று மீட்டர் துண்டுகளாகக் கோத்த பைப் முழுவதையும் தண்ணீரோடு மேலே இழுக்கவேண்டும். முக்காலி, சங்கிலி, பைப் ரெஞ்சு, நாலைந்து ஆள், ஒரு வண்டி. 1976ல் திருநெல்வேலியில் தொடங்கிய மூன்றடுக்குப் பராமரிப்பு எங்களிடமும் வந்திருந்தது: ஊரில் ஒரு பொறுப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் ஒரு வண்டிக் குழு. ஊர்ப் பொறுப்பாளரால் மூடியைத் திறந்து கிரீஸ் தடவ முடியும், போல்ட்டை முறுக்க முடியும். வாஷருக்கு வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சித்திரை மாதத்தில் அந்த வண்டி ஒரு ஊரில் நின்றால் பத்து ஊர் திட்டும். பம்பு கெட்டியாக இருந்ததால்தான் இந்தக் குறை பல வருஷம் மறைந்து கிடந்தது என்பது என் கட்சி. அடிக்கடி கெடும் பொருளாக இருந்தால் ஊரே பழுதுபார்க்கக் கற்றிருக்கும்.

மார்க் 3 அந்தக் குறையைச் சரிசெய்ய வந்தது. அதையும் எண்பதுகளில் கோவையில்தான் சோதித்தார்கள். பைப்பை அகலமாக்கி, பிஸ்டனை மட்டும் ராடோடு உருவி எடுக்கும்படி செய்தார்கள். தோலுக்குப் பதில் ரப்பர். வாஷர் மாற்ற வண்டி வேண்டாம். எனக்குப் பிடித்த பம்பு அதுதான். ஆனால் அகலப் பைப்பின் விலையும் எடையும் அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. அடிக்கிறவர்களுக்கோ இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

வரைபடத்தில் இல்லாத ஒரு விஷயமும் உண்டு: பம்பு நிற்கும் இடம். ஊருக்குள் ஒன்று, காலனியில் ஒன்று என்று போடுவோம். ஊர்ப் பம்பு கெட்டால் ஊர்க்காரர்கள் காலனிக்கு வந்து தாராளமாகத் தண்ணீர் பிடிப்பார்கள். காலனிப் பம்பு கெட்ட நாளில் அப்படி எதிர்த்திசையில் போக முடியாது. அதனால் புகார்ப் புத்தகத்தில் எது முதலில் எழுதியிருந்தாலும் காலனிப் பம்பை முதலில் பார்ப்பது என் வழக்கம். மேலதிகாரி கேட்டால் வண்டிப் பாதை அப்படி என்பேன்.

பிறகு மின்மோட்டாரும் பிளாஸ்டிக் தொட்டியும் வந்தன, நீர்மட்டம் கைக்கு எட்டாத ஆழத்துக்குப் போனது. மார்க் 2 இங்கே ஓரங்கட்டப்பட்டாலும் ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் அதுதான் ஊர்ப் பம்பு. உகாண்டாவில் அதன் பெயர் யு-2. அங்கே சில இடங்களில் நிலத்தடி நீர் அமிலத்தன்மை உடையது, துத்தநாகம் பூசிய பைப்பைத் தின்றுவிடும். தண்ணீர் துருவோடு வரும், சோறு நிறம் மாறும், வெள்ளைத்துணி பழுப்பாகும். பெண்கள் பம்பை விட்டுப் பழைய குட்டைக்கே திரும்பினார்கள். பம்பில் கோளாறு இல்லை, தண்ணீர் பாதுகாப்பானது என்று இஞ்சினியர்கள் சொல்லிப் பார்த்தும் நடக்கவில்லை. கடைசியில் 2016ல் உகாண்டா அரசு கைப்பம்புகளுக்குத் துத்தநாகப் பைப் போடுவதை நிறுத்திவைத்தது. இப்போது துருப்பிடிக்காத எஃகு அல்லது பிவிசி பைப் போடச் சொல்கிறார்கள்.