பத்து வயசில் மேஜர்!

போக்கிமான் கார்ட்டூன் ஜப்பானில் 1997 ஏப்ரலில் தொடங்கியது. 2003-ல் கார்ட்டூன் நெட்வொர்க் வழியாக நம்ம வீட்டு வாண்டுகளையும் பிடித்துக்கொண்டது. அதன் தலைமைக் கதாசிரியர் தகேஷி ஷுடோ, அதே கதையை நாவலாகவும் எழுதினார்.

டிவியில் பத்து வயசு ஆஷ், பிக்காச்சுவோடு ஊரைவிட்டுக் கிளம்புவான். சின்னப் பையன் தனியாகவா என்று யாரும் கேட்பதில்லை. நாவலில் ஷுடோ அதற்குக் காரணம் சொல்கிறார்: அங்கே சட்டப்படி பத்து வயசானாலே பெரியவன். கல்யாணம்கூடச் செய்துகொள்ளலாம்! (நம்ம ரிசர்வ் வங்கி பத்து வயசுக்குத் தருவது சேமிப்புக் கணக்கைத் தானே இயக்கும் உரிமை மட்டும்தான்.)

ஆஷின் அப்பா இப்படிப் போனவர்தான், திரும்பவில்லை. தாத்தாவும் அப்படியே. டிவியில் சிரித்தபடி டாட்டா காட்டும் அந்த அம்மா, நாவலில் மூன்றாவது ஆளை வழியனுப்புகிறாள். பையன் திரும்பினானா? இரண்டு பாகத்தோடு நாவல் நின்றுவிட்டது. ஷுடோ 2010-ல் காலமானார்.