சேற்றில் பதிந்த மலை

சேற்றுப்பாறை, பழைய ஆறுகள் கொட்டிய நுண்மண் இறுகியது. அந்த மண்ணைத் தந்த தாய்மலை தேய்ந்து மறைந்தாலும் அதன் தோரியமும் ஸ்காண்டியமும் நீரில் எளிதில் கரையாமல் சேற்றில் தங்கிவிடும். கிரானைட் மலையின் சேற்றில் தோரியம் ஓங்கும்; பசால்ட் மலையின் சேற்றில் ஸ்காண்டியம்.

கேரளத்தின் வண்டிப்பெரியார் மலைகளில் எண்ணெய் பூசியதுபோல் கருத்து மினுங்கும் சார்னோக்கைட் பாறை உண்டு. கல்கத்தாவில் உள்ள ஆங்கில வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல்லால் அமைந்த பெயர் அது. மழை அப்பாறையைச் செம்மண்ணாக்கும்போது சோடியமும் கால்சியமும் கழுவிப்போகும், அலுமினியம் மிஞ்சும். இந்த இழப்பை அளக்கும் அருமையான குறியீட்டை புவியியலாளர்கள் நெஸ்பிட்டும் யங்கும் 1982இல் கனடாவின் பழஞ்சேற்றுப்பாறைகளைக் கொண்டு வகுத்தனர்: சிதையாத கிரானைட்டுக்குச் சுமார் 50, கயோலின் களிமண்ணுக்கு ஏறத்தாழ 100.

அம்மலைகளில் ஓடும் பெரியாற்றின் சேறு முன்பு அரபிக்கடலுக்கே போனது. 1895இல் முல்லைப்பெரியாறு அணை அந்த நீரில் ஒரு பங்கைக் கிழக்கே ஓடும் வைகைக்குத் திருப்பியது. நீரோடு சென்ற நுண்களி கிழக்குச் சமவெளிக்கும் மேற்குமலையின் முத்திரையைக் கொண்டுபோகிறது.